விஸ்வேஸ்வரய்யா: கே.ஆர்.எஸ். அணைக்கு முன்னால் ஹைதராபாத்தில் என்ன செய்தார்?

தமிழ்நாட்டில் விஸ்வேஸ்வரய்யா என்ற பெயரைச் சொன்னால் உடனே நினைவுக்கு வருவது கே.ஆர்.எஸ். அணைதான். காவிரிப் பிரச்சனை தலைப்புச் செய்தியாகும் ஒவ்வொரு முறையும் அவர் பெயரும் கூடவே வந்துவிடும். செப்டம்பர் 15 வந்தால் பொறியாளர் தின வாழ்த்துப் படங்களில் அந்த மைசூர் தலைப்பாகை முகத்தைப் பார்க்கலாம். ஓடும் ரயிலில் தண்டவாள விரிசலைக் கண்டுபிடித்தார், அரசு வேலைக்கு ஒரு மெழுகுவர்த்தி, சொந்த வேலைக்கு இன்னொரு மெழுகுவர்த்தி வைத்திருந்தார் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதைகள் தனி ரகம்.

இந்தக் கதைகளில் காணாமல் போவது அவர் உண்மையில் செய்த வேலை. மைசூருக்குப் போவதற்கு முன்பே, கால் நூற்றாண்டுக் காலம் அவர் பார்த்தது நகரங்களின் தண்ணீரைத்தான். குடிக்கிற தண்ணீர், கழிவு நீர், கடைசியாக வெள்ள நீர். அதில் மிக முக்கியமான அத்தியாயம் ஹைதராபாத். 1908ல் ஒரே நாளில் அந்த நகரத்தைச் சிதைத்த மூசி ஆற்று வெள்ளத்துக்குப் பிறகு, இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யணும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தவர் அவர். அந்தத் திட்டம்தான் இன்றைக்கும் ஹைதராபாத் அரசியலில் சண்டைக்குக் காரணமாக இருக்கிறது.

யார் இந்த விஸ்வேஸ்வரய்யா?

மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யா 1861 செப்டம்பர் 15 அன்று முத்தேனஹள்ளியில் பிறந்தார். இன்றைய கர்நாடகாவின் சிக்கபள்ளாப்பூர் பக்கம் இருக்கிற கிராமம் அது. பிறந்த ஆண்டை 1860 என்று குறிப்பிடும் பதிவுகளும் உண்டு. பெயருக்கு முன்னால் இருக்கும் மோக்ஷகுண்டம், முன்னோர்களின் ஊர். அது இன்றைய ஆந்திராவில் இருக்கிறது. அப்பா சமஸ்கிருதம் படித்தவர், வசதி கிடையாது. அவரும் சீக்கிரமே இறந்துவிட்டார். பெங்களூரில் மாமா வீட்டு ஆதரவில், பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டே சென்ட்ரல் காலேஜில் படித்தார். 1881ல் அவர் வாங்கிய பி.ஏ. பட்டம் சென்னைப் பல்கலைக்கழகத்துடையது. அன்றைக்கு பெங்களூர் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தன.

மைசூர் அரசின் உதவித்தொகை கிடைத்ததால் புனே அறிவியல் கல்லூரிக்குப் போய் சிவில் இன்ஜினியரிங் படித்தார். 1883ல் பம்பாய் மாகாணத்திலேயே முதலிடம். அடுத்த ஆண்டே பம்பாய் பொதுப்பணித் துறையில் உதவிப் பொறியாளர் வேலை. வயது 23.

ஆரம்பமே மழையோடு மல்லுக்கட்டுதான். காந்தேஷ் பகுதியில் ஆற்றைக் கடந்து குழாய் வழியே வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுபோகும் வேலை. பருவமழை பிடித்துக்கொண்டதும், மழை நின்ற பிறகு தொடரலாம் என்று மேலதிகாரியிடம் கேட்டார். மேலதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. வேலையைத் தட்டிக்கழிக்கிறார் என்கிற மாதிரி பதில் வந்தது. மறுபேச்சு பேசாமல் மழைக்கு நடுவிலேயே வேலையை முடித்துக் கொடுத்தார்.

நகராட்சிகளின் இன்ஜினியர்

அதற்குப் பிறகு அவருக்கு வந்ததெல்லாம் ஊர் ஊராகப் போய் நகராட்சிகளின் தண்ணீர்ப் பிரச்சனையைத் தீர்க்கிற வேலை. சிந்து நதிக்கரையில் இருக்கும் சுக்கூர் (இப்போது பாகிஸ்தானில்) ஓர் உதாரணம். ஆற்றுத் தண்ணீர் ஒரே கலங்கல். வடிகட்டித் தர பெரிய தொட்டிகள் கட்டணும், ஆனால் நகராட்சியிடம் காசு இல்லை. விஸ்வேஸ்வரய்யா ஆற்றை ஒட்டிக் கிணறு தோண்டச் சொன்னார். ஆற்றின் அடியில் இருக்கிற மணல் வழியாக ஊறி வரும் தண்ணீர் தானாகவே தெளிந்து கிணற்றில் சேரும். மணலே ஃபில்டர். தனியாக ஃபில்டர் கட்டும் செலவு மிச்சம். நம்ம ஊர் ஆற்றங்கரைகளில் ஊற்றுத் தோண்டிக் குடித்தவர்களுக்கு இது புரிகிற விஷயம்தான். அதை ஒரு முழு நகரத்துக்கான அளவில் செய்தார் என்பதுதான் வித்தியாசம்.

சூரத், கராச்சி, அகமதாபாத், பீஜப்பூர், தார்வாட், கோலாப்பூர், பண்டரிபுரம் என்று பட்டியல் நீளும். எங்கெல்லாம் குடிநீர், சாக்கடைத் திட்டம் என்று பேச்சு வந்ததோ அங்கெல்லாம் அவர் ஆலோசனை கேட்கப்பட்டது. 1906ல் ஏடன் துறைமுக நகரத்துக்கும் குடிநீர், வடிகால் திட்டம் போடப் போனார்.

இதற்கு நடுவில் புனே பக்கத்தில் நடந்த ஒரு வேலையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கணும். ஹைதராபாத் கதைக்கு அது தேவை.

புனே நகரத்துக்குத் தண்ணீர் தரும் கடக்வாஸ்லா ஏரியில் ஒரு சிக்கல் இருந்தது. ஏரி நிரம்பினால் உபரி நீர் கலங்கல் வழியாக வழிந்து ஓடிவிடும். கலங்கலை உயரமாகக் கட்டினால் கூடுதல் தண்ணீர் சேமிக்கலாம். ஆனால் பெருவெள்ளம் வரும்போது அந்த உயரமே அணைக்கு ஆபத்து. அதனால் கலங்கல் மேலே தற்காலிகமாக மண் கரை போடுவார்கள். வெள்ளம் வந்தால் அது அடித்துக்கொண்டு போகும். மறு வருஷம் மறுபடியும் போடுவார்கள்.

விஸ்வேஸ்வரய்யா இதற்குத் தானியங்கிக் கதவுகளை வடிவமைத்தார். தண்ணீர் குறிப்பிட்ட மட்டத்தைத் தொடும்வரை கதவு மூடியிருக்கும். அதைத் தாண்டினால் ஆள் போய்த் திறக்கத் தேவையில்லை, தண்ணீரின் எடையே கதவைத் தூக்கிவிடும். மட்டம் குறைந்தால் தானாக மூடிக்கொள்ளும். நள்ளிரவில் வெள்ளம் வந்தாலும் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. 1900களின் தொடக்கத்தில் இது பெரிய விஷயம். ஏரியின் கொள்ளளவு கூடியது, அணையும் பிழைத்தது. இந்த வடிவமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார், ஆனால் அரசு வேலையில் இருந்தபோது செய்தது என்பதால் ராயல்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிறகு குவாலியர் பக்கத்திலும், கே.ஆர்.எஸ். அணையிலும் இதே முறைக் கதவுகள் வந்தன.

ஒரு நீர்த்தேக்கத்தை எந்த அளவுக்கு நிரப்பலாம், எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கணும் என்கிற கணக்குதான் இதன் அடிப்படை. ஹைதராபாத்திலும் அவர் போட்டது இதே கணக்குதான், இன்னும் பெரிய அளவில்.

1908 செப்டம்பர் 28: மூசி ஆற்றில் என்ன நடந்தது?

இன்றைய தெலங்கானாவின் விகாராபாத் பக்கம் அனந்தகிரி மலையில் பிறந்து, ஹைதராபாத் நகரத்தை நடுவாகப் பிளந்துகொண்டு போய், கடைசியில் கிருஷ்ணாவில் சேர்கிறது மூசி. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் ஒல்லியாகத்தான் ஓடும். அந்த தைரியத்தில் கரையை ஒட்டியே வீடுகள், கடைத்தெருக்கள், மருத்துவமனை எல்லாம் வந்திருந்தன.

1908 செப்டம்பர் கடைசியில் மழை கொட்டியது. ஷம்ஷாபாத் மழைமானியில் 24 மணி நேரத்தில் 12.8 அங்குலம், 48 மணி நேரத்தில் 18.9 அங்குலம் பதிவானது. செ.மீ. கணக்கில் சொன்னால் இரண்டே நாளில் 48 செ.மீ. (இன்று ஹைதராபாத் விமான நிலையம் இருக்கிற அதே ஷம்ஷாபாத்தான்.) 28ஆம் தேதி அதிகாலையிலிருந்து ஆறு ஏறத் தொடங்கியது. காலை முடிவதற்குள் ஊரின் நடுப்பகுதி தண்ணீருக்குள். அப்சல்கஞ்ச், சாதர்காட் பாலங்கள் போயின. மிக பழைய புரானாபுல் மட்டும் தாக்குப்பிடித்தது.

இறந்தவர்கள் 15,000 வரை என்று சொல்லப்படுகிறது. நகர மக்களில் நான்கில் ஒரு பங்கினர் வீடிழந்தார்கள். அப்சல்கஞ்ச் மருத்துவமனை வளாகத்தில் இருந்த ஒரு புளியமரத்தில் ஏறி சுமார் 150 பேர் உயிர் தப்பினார்கள். அந்த மரம் இன்றும் உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கிறது. ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் 28 அன்று அதன் அடியில் கூடி நினைவுகூர்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அன்றைய நிஜாம், ஆறாவது அசஃப் ஜா மஹ்பூப் அலி கான். நகரத்தை மறுபடியும் கட்டணும், இனி இப்படி ஒரு வெள்ளம் வந்தாலும் நகரம் தப்பணும். இதற்கு யாரைக் கூப்பிடலாம் என்று தேடியபோது வந்த பெயர் விஸ்வேஸ்வரய்யா.

அவர் அப்போது இந்தியாவிலேயே இல்லை. அந்தக் காலத்தில் பம்பாயில் தலைமைப் பொறியாளர் பதவி ஆங்கிலேயர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. அது தனக்கு வராது என்று தெரிந்ததும், 1908ல் பணியிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வெளிநாட்டுச் சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். இத்தாலியில் இருந்தபோதுதான் நிஜாம் அரசின் அழைப்பு கிடைத்தது. பயணத்தைப் பாதியில் விட்டுவிட்டு அவர் ஓடி வரவில்லை என்பதையும் சொல்லணும். ஐரோப்பா, அமெரிக்கா பார்த்து முடித்துவிட்டு 1909 ஏப்ரலில்தான் ஹைதராபாத் வந்து சேர்ந்தார். வெள்ளம் முடிந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

முதலில் எண்ணியது ஏரிகளை

வந்தவுடன் அவர் பார்த்தது ஊருக்குள் இடிந்து கிடந்த வீடுகளை மட்டுமல்ல. ஊருக்கு மேலே, மூசிக்குத் தண்ணீர் கொண்டுவரும் மொத்த நிலப்பரப்பையும் கணக்கெடுத்தார். சுமார் 860 சதுர மைல். அதில் 788 ஏரிகள் இருந்தன. சதுர மைலுக்குக் கிட்டத்தட்ட ஒரு ஏரி.

ஏரி இருந்தால் வெள்ளத்தைத் தாங்கும் என்பதுதானே பொதுவான நம்பிக்கை? பாதி உண்மை. சாதாரண மழைக்குத் தாங்கும். ஆனால் தக்காணத்து ஏரிகள் சங்கிலி மாதிரி. ஒன்று நிரம்பினால் உபரி அடுத்ததற்குப் போகும், அதிலிருந்து அதற்கடுத்தது. நம்ம ஊர் கண்மாய்கள் மாதிரியே. அளவுக்கு மீறிய மழையில் மேலே ஒரு ஏரி உடைந்தால், அதில் தேங்கியிருந்த மொத்தத் தண்ணீரும் ஒரே நேரத்தில் கீழே இருக்கிற ஏரிக்கு வரும். அதுவும் உடையும். இரண்டின் தண்ணீரும் சேர்ந்து மூன்றாவதை உடைக்கும். 1908ல் நடந்தது அதுதான். 221 ஏரிகள் உடைந்திருந்தன. பல நாள் மழையைச் சேர்த்து வைத்த ஏரிகள், சில மணி நேரத்தில் அதையெல்லாம் ஊர் மேல் கொட்டிவிட்டன.

உச்சத்தில் ஆற்றில் போன தண்ணீர் நொடிக்கு சுமார் 4.25 லட்சம் கன அடி என்று கணக்கிடப்பட்டது. நொடிக்கு 1.2 கோடி லிட்டர். மேட்டூரில் 1 லட்சம் கன அடி திறந்தாலே காவிரிக் கரை முழுக்க எச்சரிக்கை விடுகிறோம். இது அதைப்போல நாலு மடங்கு, அதுவும் காவிரியோடு ஒப்பிடவே முடியாத ஒரு சின்ன ஆற்றில்.

இங்கேதான் அவர் முடிவு மற்றவர்களின் யோசனையிலிருந்து விலகியது. ஊருக்குள் கரையை உயர்த்தலாம், ஆற்றை ஆழப்படுத்தலாம் என்பது யாருக்கும் தோன்றும். ஆனால் 4 லட்சம் கன அடிக்கு ஏற்ற மாதிரி ஆற்றை அகலமாக்கணும் என்றால் பாதி நகரத்தை இடிக்க வேண்டியிருக்கும். எனவே வெள்ளத்தை ஊருக்குள் வரும் முன்னாலேயே பிடிக்கணும். மூசியின் குறுக்கே ஒன்று, அதில் வந்து சேரும் ஈசி என்ற துணை ஆற்றின் குறுக்கே இன்னொன்று. நகரத்துக்குச் சில மைல் மேலே இரண்டு நீர்த்தேக்கங்கள். இதுதான் 1909 அக்டோபரில் அவர் கொடுத்த அறிக்கையின் மையம்.

காலி இடம் எதற்கு?

வெள்ளத் தடுப்பு அணைக்கும் மற்ற அணைக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் அதை எப்படி வைத்திருக்கிறோம் என்பதில்தான்.

பாசனத்துக்கும் குடிநீருக்கும் கட்டிய அணை நிரம்பி இருந்தால்தான் நல்லது. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டியது நேரெதிர். பெருமழை வரும்போது அதில் இடம் காலியாக இருக்கணும். வெள்ளம் வேகமாக வரும்போது அந்தக் காலி இடம் அதை வாங்கி வைத்துக்கொள்ளும். பிறகு ஆறு தாங்குகிற அளவுக்கு மெதுவாகத் திறந்துவிடலாம். மொத்தத் தண்ணீர் குறையாது, ஆனால் ஒரே நேரத்தில் வருவது குறையும். உயிரைக் காப்பாற்றுவது அதுதான். நிரம்பிய அணை வெள்ளத்துக்கு எந்த உதவியும் செய்யாது. வருவதை அப்படியே கீழே தள்ளும், அவ்வளவுதான்.

அறிக்கை இதோடு நிற்கவில்லை. நகருக்குள் ஆற்றின் இரு பக்கமும் கரையைப் பலப்படுத்தி, அதை ஒட்டிச் சாலையும் பூங்காவும் வரணும். பூங்கா அழகுக்காக மட்டுமல்ல. கரையில் மறுபடியும் வீடுகள் நெருக்காமல் இருக்கவும், தண்ணீர் ஏறினால் முதலில் நனைவது புல்தரையாக இருக்கவும் அது உதவும். நகரம் முழுவதற்கும் பாதாளச் சாக்கடை, அகலமான தெருக்கள், நெரிசலான குடியிருப்புகளுக்கு மாற்றாகப் புதிய வீடுகள். ஆறு ஒரு துறை, சாக்கடை ஒரு துறை, வீடு ஒரு துறை என்று பிரிக்காமல் எல்லாம் ஒரே திட்டத்தின் பகுதிகளாக இருந்தன. இன்றைக்கு உலக அளவில் நகராட்சிகள் வெள்ள மேலாண்மை என்று பேசும்போது முதலில் சொல்வது இதைத்தான். 1909ல் அதை ஓர் இந்திய சமஸ்தானம் தன் மேஜை மேல் வைத்திருந்தது.

ஹைதராபாத்தில் அவர் இருந்தது ஏழு மாதம்தான். 1909 நவம்பரில் மைசூர் அரசின் தலைமைப் பொறியாளராகப் போய்விட்டார். அவர் போட்ட திட்டத்தைக் கட்டி முடித்தது மற்றவர்கள். 1911ல் பட்டத்துக்கு வந்த ஏழாவது நிஜாம் மீர் உஸ்மான் அலி கான், 1912ல் நகர மேம்பாட்டு வாரியம் அமைத்தார். மூசியின் மேல் உஸ்மான் சாகர் 1920ல் முடிந்தது. ஈசியின் மேல் ஹிமாயத் சாகர் 1927ல். ஆற்றங்கரையில் உயர் நீதிமன்றமும், உஸ்மானியா மருத்துவமனையும் எழும்பின. இன்று ஹைதராபாத்தின் போஸ்ட்கார்டு படங்களில் வரும் அந்தக் கரை, வெள்ளத்துக்குப் பிந்தைய கரை.

எல்லோருக்கும் இது நல்லதாக முடிந்ததா என்றால், இல்லை. தெருக்களை அகலப்படுத்தியதில், நெரிசல் குடியிருப்புகளை அகற்றியதில் இடம்பெயர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். மேலேயிருந்து நிபுணர் திட்டம் போடுவார், மக்கள் ஏற்கணும் என்பதுதான் அந்தக் காலத்து வழக்கம். விஸ்வேஸ்வரய்யாவும் அந்த வழக்கத்தில் வந்தவர்தான்.

மைசூர், காவிரி, ராஜினாமா

இதற்குப் பிறகான வாழ்க்கை ஓரளவு எல்லோருக்கும் தெரிந்தது. 1911ல் கே.ஆர்.எஸ். அணை வேலை தொடங்கியது. கீழே இருக்கிற சென்னை மாகாணம் முதல் கட்டமாக 11 டி.எம்.சி. கொள்ளளவுக்குத்தான் சம்மதித்தது. மைசூர் 41.5 டி.எம்.சி.க்கான அஸ்திவாரத்தைப் போட்டது. அந்தத் தகராறு நடுவர் தீர்ப்பு, மேல்முறையீடு என்று போய் 1924 ஒப்பந்தத்தில் முடிந்தது. ஹைதராபாத்தில் கீழே இருக்கிற நகரத்துக்காக மேலே அணை கேட்டவர், காவிரியில் மேலே இருக்கிறவர்களுக்காக அணை கட்டினார். தமிழ்நாட்டுப் பார்வையில் அவர் பெயர் இரண்டு விதமாக ஒலிப்பதற்குக் காரணம் இதுதான்.

1912ல் மைசூர் திவான் ஆனார். மைசூர் வங்கி, 1916ல் மைசூர் பல்கலைக்கழகம், பத்ராவதி இரும்பாலைக்கான முயற்சி எல்லாம் அந்த ஆறு ஆண்டுகளில் வந்தவை. ஆனால் 1918ல் அவர் பதவியிலிருந்து விலகியதற்கான காரணம் வாழ்த்துப் படங்களில் வராது. அரசு வேலைகளில் பிராமணர் அல்லாதாருக்குப் பிரதிநிதித்துவம் வேண்டும் என்று மைசூரில் கோரிக்கை வலுத்தது. அதை ஆராய மில்லர் குழுவை மகாராஜா அமைத்தார். தகுதி மட்டுமே அளவுகோலாக இருக்கணும் என்பது விஸ்வேஸ்வரய்யாவின் நிலைப்பாடு. அவர் படித்ததே அரசு உதவித்தொகையில் என்பதை நினைத்துப் பார்த்தால், மற்றவர்களுக்குக் கதவு எங்கே அடைபட்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியாமல் போனது வியப்புதான். மகாராஜா பக்கம் காற்று வேறு திசையில் அடித்தது. அவர் விலகினார்.

அதன் பிறகும் 40 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பொருளாதாரத் திட்டமிடல் பற்றி 1934லேயே புத்தகம் எழுதினார். 1937ல் ஒடிசாவின் மகாநதி வெள்ளப் பிரச்சனைக்கு ஆலோசனை கேட்டார்கள். அங்கும் மேல்பகுதியில் நீர்த்தேக்கம் என்ற யோசனையைச் சொன்னார். ஹிராகுட் அணைக்கான பேச்சின் தொடக்கப் புள்ளிகளில் அதுவும் ஒன்று. 1955ல் பாரத ரத்னா. நூறு வயதைக் கடந்து, 1962 ஏப்ரலில் பெங்களூரில் காலமானார்.

இப்போது என்ன பிரச்சனை?

ஹைதராபாத்துக்கு வருவோம். உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் கட்டிய சில காலத்திலேயே நகரத்தின் குடிநீர் ஆதாரமாகிவிட்டன. நல்ல தண்ணீர், பக்கத்திலேயே, மோட்டார் செலவும் குறைவு. யார் விடுவார்கள்? ஆனால் குடிநீர் வாரியம் ஏரி நிரம்பி இருப்பதை விரும்பும். வெள்ளத்தைப் பார்ப்பவர்கள் காலியாக இருப்பதை விரும்புவார்கள். ஒரே ஏரிக்கு இரண்டு வேலை கொடுத்ததால் வந்த இழுபறி இது. பருவமழை முடியும் நேரத்தில், செப்டம்பர் அக்டோபரில் இது உச்சத்துக்குப் போகும். ஏரி ஏறக்குறைய நிரம்பியிருக்கும், வங்கக்கடலில் புயல் சின்னம் இருக்கும்.

இரண்டு ஏரிகளுக்கும் தண்ணீர் வரும் வழி அடைபடாமல் இருக்க, 1996ல் ஒருங்கிணைந்த ஆந்திர அரசு ஓர் உத்தரவு போட்டது. அரசாணை எண் 111. ஏரிகளைச் சுற்றி 10 கி.மீ. தூரத்துக்கு, 84 கிராமங்களில் பெரிய கட்டடங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு. நகரம் மேற்குப் பக்கம் ஐ.டி. கம்பெனிகளோடு வளரவளர, அந்த நிலத்தின் விலையும் ஏறியது, உத்தரவை நீக்கச் சொல்லும் குரலும் ஏறியது. கிருஷ்ணா, கோதாவரி தண்ணீர் வந்துவிட்டது, இந்த ஏரிகளிலிருந்து நகரம் எடுப்பது சொற்பம், அப்புறம் எதற்குக் கட்டுப்பாடு என்பது அவர்கள் வாதம். 2022ல் தெலங்கானா அரசு கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. சூழலியல் அமைப்புகள் எதிர்த்தன.

இந்த வாதத்தில் ஒன்று விடுபட்டுப்போகிறது. இந்த ஏரிகள் குடிநீருக்காக மட்டும் கட்டியவை அல்ல. குடிநீர் தேவை இல்லை என்றாலும் அவற்றின் முதல் வேலை அப்படியே இருக்கிறது. மேலே காங்கிரீட் அதிகமானால் மழைநீர் மண்ணில் இறங்காது, ஏரிக்கு இன்னும் வேகமாக வரும். அதே அளவு காலி இடம் முன்பு தந்த பாதுகாப்பைத் தராது.

இன்னொரு பக்கமும் உண்டு. விஸ்வேஸ்வரய்யா தடுத்தது ஆற்று வெள்ளத்தை. ஊருக்குள்ளேயே பெய்யும் மழை அவருடைய அணைகளைப் பார்த்து நிற்காது. 2000 ஆகஸ்டில் ஒரே நாளில் சுமார் 24 செ.மீ. பெய்தபோதும், 2020 அக்டோபரில் சில இடங்களில் 30 செ.மீ.க்கு மேல் கொட்டியபோதும் ஹைதராபாத்தில் பெருமளவு மூழ்கியது நாலாக்கள் எனப்படும் மழைநீர் ஓடைகளின் பக்கமும், ஏரிகள் இருந்த தாழ்வான பகுதிகளும்தான். 2020ல் பாலாப்பூரில் குர்ரம் செருவு உடைந்து பழைய நகரத்தின் குடியிருப்புகளுக்குள் தண்ணீர் புகுந்தது. 1908ல் 221 ஏரிகள் செய்ததை, இந்த முறை நகர எல்லைக்குள்ளேயே ஓர் ஏரி செய்தது.

2000 வெள்ளத்துக்குப் பிறகு கிர்லோஸ்கர் கன்சல்டன்ட்ஸ் ஓர் ஆய்வறிக்கை கொடுத்தது. நாலாக்களை அகலப்படுத்தணும், ஆக்கிரமிப்புகளை எடுக்கணும் என்பது அதன் சாரம். பெரும்பகுதி காகிதத்திலேயே தங்கியது. 2020க்குப் பிறகு ஹைதராபாத் மாநகராட்சி நாலாக்களுக்கென்றே தனித் திட்டம் தொடங்கியது. 2024ல் ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்ற ஹைட்ரா என்ற அமைப்பை மாநில அரசு உருவாக்கியது. புல்டோசர் வந்ததும் பழைய கேள்வியும் கூடவே வந்தது. ஏரிக்குள் வீடு கட்ட அனுமதி கொடுத்தது யார், இப்போது வீட்டை இழப்பது யார்?

2025 செப்டம்பர் கடைசியில் மழை வலுத்து இரண்டு ஏரிகளின் மதகுகளும் திறக்கப்பட்டன. மூசி பெருகியது. ஆற்றை ஒட்டியே இருக்கிற மகாத்மா காந்தி பேருந்து நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்து பயணிகள் சிக்கிக்கொண்டார்கள், பேருந்துகள் வேறு இடங்களிலிருந்து இயக்கப்பட்டன. சாதர்காட் பக்கம் தாழ்வான குடியிருப்புகளில் இருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1908ல் பாலம் போன அதே சாதர்காட்.

மழைக்காலத்தில் ஹைதராபாத் உள்ளூர் செய்திகளைக் கவனித்தால் இரண்டு எண்கள் தினமும் வரும். உஸ்மான் சாகரின் முழுக் கொள்ளளவு மட்டம் 1,790 அடி. ஹிமாயத் சாகருக்கு 1,763.5 அடி. அன்றைய நீர்மட்டம் அதற்கு எத்தனை அடி கீழே இருக்கிறது என்பதை வைத்துத்தான் மதகைத் திறப்பதா, எத்தனை ஷட்டர், கீழே யாருக்கு எச்சரிக்கை என்று முடிவாகும். 1909 அறிக்கையில் விஸ்வேஸ்வரய்யா கேட்டதும் அந்தச் சில அடி இடத்தைத்தான்.